பாசி எண்ணெய்க்கு இடம் பார்ப்பவர்கள் கோட்டைவிடும் கணக்குகள்

குளத்தில் பாசி வளர்த்து, அதன் எண்ணெயிலிருந்து டீசல் எடுக்கப்போகிறோம் என்று திட்ட அறிக்கையோடு வருகிறவர்களிடம் நான் முதலில் புரட்டுவது தண்ணீர்ப் பக்கத்தைத்தான். பெரும்பாலும் ஒரே வரி இருக்கும்: "கடல்நீர், தேவைக்கேற்ப." தூத்துக்குடி, ராமநாதபுரம் கரையோரத்தில் இடம் பார்க்க ஆரம்பித்த காலத்தில் நாங்களும் அப்படித்தான் எழுதினோம். பட்டாவைச் சரிபார்ப்பது, கரன்ட் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்பது எல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன்.

குளத்தை நிரப்பும் தண்ணீரோடு கணக்கை முடிப்பது

பணம் போவது இங்கேதான். ஒரு ஹெக்டேரில் 25 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்த 25 லட்சம் லிட்டர் வேண்டும். "ஒரு தடவை நிரப்பிவிட்டால் போதும், அறுவடை செய்த தண்ணீரைத் திரும்ப விட்டுவிடுவோம்" என்பார்கள். சரி, ஆவியாவதற்கு யார் கணக்கு வைப்பது? நம் கரையோரத்தில் நாளுக்கு 6 மி.மீ. காய்வது சாதாரணம். அப்படியென்றால் ஹெக்டேருக்குத் தினம் 60,000 லிட்டர். ஒரு சதுர மீட்டரில் நாளுக்கு 15 கிராம் பாசி, அதில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் என்று வையுங்கள். கைக்கு வருவது 3 கிராம், காற்றோடு போவது 6 லிட்டர். ஒரு கிலோ எண்ணெய்க்கு 2,000 லிட்டர்!

இதைச் சொன்னால் உடனே பதில் வரும்: "கடல்தண்ணிதானே சார், ஊத்திக்கிட்டே இருக்கலாம்." இந்தப் பதிலைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. காய்வது தண்ணீர் மட்டும்தான், உப்பு குளத்திலேயே நின்றுவிடும். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீரையே ஊற்றி ஈடுகட்டினால், மேலே சொன்ன குளத்தில் சுமார் 42 நாளில் உப்பு இரட்டிப்பாகும்.

வேம்பார் பக்கம் ஒரு பண்ணையில் இதைக் கண்ணால் பார்த்தேன். குளத்துத் தண்ணீரைச் சுழலவிடும் துடுப்புச் சக்கரத்தின் அச்சில் வெள்ளையாகப் பொருக்கு ஏறியிருந்தது. பாசி வெளிறிப்போய், உரம் போட்டும் அசையவில்லை. விதை சரியில்லை என்று ஆய்வுக்கூடத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து உப்பளத்திலிருந்து வந்த ஒரு அம்மா, அளத்தில் உப்பின் அளவு பார்க்கும் டிகிரிக் கருவியைக் குளத்தில் மிதக்கவிட்டார். கடல்தண்ணீருக்கு மூன்று, மூன்றரை காட்டுவது அங்கே ஏழு காட்டியது. "அண்ணாச்சி, இது அளத்துக்குப் பாயுற தண்ணியில்லா" என்றார். துனாலியெல்லா போன்ற இனமாக இருந்திருந்தால் தாக்குப்பிடித்திருக்கும். இவர்கள் விட்டிருந்தது நானோகுளோராப்சிஸ்.

இதற்கு வழி, பழைய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுவதுதான். உப்பு லிட்டருக்கு 52.5 கிராமைத் தாண்டக் கூடாது என்றால் ஹெக்டேருக்குத் தினமும் 1,80,000 லிட்டர் உள்ளே வர வேண்டும், 1,20,000 லிட்டர் வெளியே போக வேண்டும். பத்து ஹெக்டேருக்குத் தினம் 12 லட்சம் லிட்டர் உப்புநீரை எங்கே விடுவீர்கள்? ஓடையில் விட்டால் பக்கத்து ஊர்க் கிணறு கெடும், மறுநாளே சனம் வந்து நிற்கும். கடலுக்கே அனுப்ப இன்னொரு குழாய் வேண்டும், கடலோர ஒழுங்குமுறை அனுமதியும் வேண்டும். உப்பளத்துக்குக் கொடுக்கலாம், அது நல்ல யோசனைதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அளம் ஓடாது. இடம் பார்க்கப் போகும்போது தண்ணீர் வரும் வழியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். வெளியேறும் வழியையும் நடந்து பாருங்கள்.

வெயில் அதிகம், மழை குறைவு, ஆகவே நல்ல இடம்

காய்ந்த பூமிதான் பாசிக்கு ஏற்றது என்ற நினைப்பு எங்கிருந்து வந்ததோ! அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கு தேசிய ஆய்வகம் 2011-ல் வெளியிட்ட நில, நீர் மதிப்பீடு வேறு மாதிரிச் சொன்னது. வெயிலோடு காற்றில் ஈரமும் உள்ள மெக்சிகோ வளைகுடாக் கரை, தென்கிழக்குக் கடலோரம் போன்ற பகுதிகளில்தான் தண்ணீர்ச் செலவு குறையும் என்றது. நம் ஊரிலும் வெயில் வரைபடத்தோடு ஆவியாதல் கணக்கையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

தண்ணீரை உறிஞ்சிவிடும் தேரிச் செம்மணலில் குளம் வெட்டுவது

வேண்டாம்.

'தரிசு' என்று பதிவேட்டில் இருந்தால் சும்மா கிடக்கிறது என்று நம்புவது

சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும். அதை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர் ஒருவர் இருப்பார், ஆடு மேய்க்கிறவர் பத்துப் பேர் இருப்பார்கள். புலப்படத்தில் ஓடைப் புறம்போக்கு ஒரு கோடாகத்தான் தெரியும், வடகிழக்குப் பருவமழையில் அதே கோடு உங்கள் குளத்துக்கு நடுவில் பாயும். மட்டத்தையும் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நூற்றுக்கு ஒன்று சரிவு தட்டையாகத்தான் தெரியும். ஆனால் 100 மீட்டர் நீளக் குளத்தில் அது ஒரு மீட்டர் வித்தியாசம், தண்ணீரின் உயரமோ கால் மீட்டர்.

டிசம்பரில் கிணற்றுத் தண்ணீரை டெஸ்டுக்குக் கொடுப்பது

மழைத் தண்ணீர் கலந்திருக்கும்போது உப்பு குறைவாகத்தான் காட்டும். மே மாதமும் ஒரு பாட்டில் கொடுங்கள்.

ஒரு நல்ல நாளின் விளைச்சலை 365-ஆல் பெருக்குவது

1978 முதல் 1996 வரை அமெரிக்க அரசு பாசி எரிபொருளுக்கென்றே ஓர் ஆய்வுத் திட்டம் நடத்தியது. நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லில் 1,000 சதுர மீட்டர் குளங்களில் சில நாள் சதுர மீட்டருக்கு 50 கிராம் வரை எடுத்தார்கள். குளிரையும் சேர்த்து ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் சராசரி 10 கிராம் அளவில் நின்றது. நமக்குக் குளிர் தொல்லை இல்லை, அதற்குப் பதில் மழை மாதங்கள் இருக்கின்றன.

அனல்மின் நிலையம் 'பக்கத்தில்' இருக்கிறது என்று எழுதுவது

ஒரு கிலோ பாசிக்குச் சுமார் 1.8 கிலோ கரியமில வாயு வேண்டும். புகைபோக்கிப் புகையில் அது 10 முதல் 15 சதவீதம்தான், மீதி வேண்டாத காற்றையும் சேர்த்து ஊதித் தள்ளியாக வேண்டும். பாசி பகலில்தான் அதை வாங்கும், கொதிகலனோ இரவிலும் எரியும். அறிக்கையில் 'பக்கத்தில்' என்று போட்டிருந்தால் எத்தனை கிலோமீட்டர், குழாய் யார் யார் நிலத்தின் வழியாகப் போகும், ஊதுவதற்கு எத்தனை யூனிட் மின்சாரம் ஆகும் என்று எழுதிவரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.