டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் விசுவாசமான குலத்தலைவன்: முதல் லெவல் கேரக்டர் செய்முறை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது பகடை உருட்டி, ஒரு கேரக்டராக நடித்து ஆடும் மேசை விளையாட்டு. கேரக்டர் ஷீட்டில், அதாவது அவனுடைய விவரத்தாளில், ‘குலத்தலைவன்’ என்று எழுதினால் போதாது. அவனுடைய விசுவாசம் பகடை உருளும்போதும் தெரியவேண்டும். இங்குள்ள கணக்கு 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகளின்படி.

1. இனம் ஹாஃப்-ஆர்க் (மனித-ஆர்க் கலப்பு), கிளாஸ், அதாவது வீரனின் வகை, பார்பேரியன் (முரட்டுப் போர்வீரன்). 15, 14, 13, 12, 10, 8 என்ற எண்களில் 15ஐ கான்ஸ்டிடியூஷனுக்கும் (உடல் உறுதி) 14ஐ ஸ்ட்ரெங்த்துக்கும் (பலம்) கொடுங்கள். புதியவர்கள் இதை மாற்றிப் போடுவார்கள். இனத்தால் ஸ்ட்ரெங்த்துக்கு 2, கான்ஸ்டிடியூஷனுக்கு 1 கூடும்; இப்படி வைத்தால் இரண்டும் 16, அதாவது இரண்டிலும் பகடை எண்ணோடு +3 கூடும். மாற்றினால் 17, 15. ஒன்று +2 ஆகிவிடும். டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 13, கரிஸ்மா (ஆளுமைக் கவர்ச்சி) 12, விஸ்டம் (விவேகம்) 10, இன்டெலிஜென்ஸ் (அறிவு) 8. கரிஸ்மாவைக் குறைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். நாலு பேரிடம் பேசத் தெரியாதவன் என்ன தலைவன்?

ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி): பார்பேரியனுக்கு 12, கான்ஸ்டிடியூஷனுக்கு 3; 12+3=15. கவசமில்லாமல் ஆர்மர் கிளாஸ் (எதிரியின் அடி படாமல் தடுக்கும் எண்): அடிப்படை 10, டெக்ஸ்டெரிட்டிக்கு 1, கான்ஸ்டிடியூஷனுக்கு 3; 10+1+3=14.

2. பின்னணி அவுட்லேண்டர் (ஊருக்கு வெளியே, காட்டுப்புறத்தில் வளர்ந்தவன்). நிலத்தில் இரையும் நீரும் இருந்தால், தனக்கும் இன்னும் ஐந்து பேருக்கும் தினமும் உணவு தேடித் தருவான். தலைவனுக்கு இதைவிடப் பொருத்தமான திறன் இல்லை.

3. விசுவாசத்தை மூன்று வரியில் எழுதுங்கள்: யாருக்கு, என்ன கடனுக்காக, எதை மட்டும் செய்யமாட்டான். ‘குலத்தை விட்டு நகரமாட்டேன்’ என்று எழுதினால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். குலமே அவனை அனுப்பியதாக வையுங்கள்: ஊற்று வற்றிவிட்டது, புது நிலம் தேடவேண்டும். முதல் லெவலில் பெரிய படை வேண்டாம். முப்பது பேர் கொண்ட சிறு குலம் போதும்.

4. சண்டையில் ரேஜ், அதாவது பார்பேரியனின் ஆவேசம். போனஸ் ஆக்ஷனில் (உங்கள் முறையில் வழக்கமான செயலோடு கூடுதலாகச் செய்வது) தொடங்கும். ஒரு நிமிடம், அதாவது 10 சுற்று. முதல் லெவலில் நீண்ட ஓய்வுக்கு முன் இரண்டு முறைதான். ஸ்ட்ரெங்த்தால் அடிக்கும் கைச்சண்டை ஆயுதத்துக்கு +2 சேதம்; உங்கள்மேல் விழும் வெட்டு, குத்து, மொத்து எல்லாம் பாதியாகும். எதிரியைத் தாக்காமலும் அடி வாங்காமலும் உங்கள் முறை முடிந்தால் ரேஜ் அணைந்துவிடும். ஓடினாலும் எட்டாத தூரத்தில் எதிரி நின்றால் ஜாவ்லினை (எறியீட்டி) எறியுங்கள். +2 கிடைக்காது, ரேஜ் நிலைக்கும். ஹெவி ஆர்மர் (கனத்த கவசம்) போட்டால் ரேஜின் பலன் எதுவும் இல்லை.

5. மூன்றாம் லெவலில், டன்ஜன் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துபவர்) அனுமதித்தால், 2017இல் சேர்ந்த ஆன்செஸ்ட்ரல் கார்டியன் பாதையை எடுங்கள். ரேஜில் உங்கள் முறையில் முதலில் அடிபடும் எதிரியை மூதாதையர் ஆவிகள் சூழும். உங்கள் அடுத்த முறை தொடங்கும்வரை அவன் வேறு யாரைத் தாக்கினாலும் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிக் குறைந்த எண்ணை எடுப்பது). பட்டாலும் சேதம் பாதி. அதனால் முதல் அடியைப் பக்கத்தில் நிற்கும் சில்லறை எதிரிமேல் வீணாக்காமல், உங்கள் கூட்டாளியை நெருங்குகிறவன்மேல் போடுங்கள்.