பூப்பந்துப் போட்டி: ஸ்கோரைப் படிக்கத் தெரியாமல் செய்யும் தவறுகள்

கோலாலம்பூரில் சனி, ஞாயிறுகளில் எந்தப் பூப்பந்து (பேட்மின்டன்) மண்டபத்துக்குள் நுழைந்தாலும், செராஸோ கெப்போங்கோ செந்தூலோ, ஒரே காட்சிதான். புதிதாகப் போட்டியில் இறங்கிய பிள்ளை தோற்றுவிட்டு கோர்ட்டை விட்டு வெளியே வரும். பை மூடுவதற்குள் அப்பா தீர்ப்பு எழுதி முடித்திருப்பார். பழைய ஆட்டக்காரர்கள் செய்து சலித்த தவறுகளைத்தான் புதியவர்கள் வரிசை மாறாமல் செய்கிறார்கள்.

வார்ம்-அப் இல்லாமல் இறங்குவது, ஒரே ஒரு ராக்கெட்டோடு வருவது, தண்ணீர் மறப்பது இதெல்லாம் இங்கே வேண்டாம். ஒருமுறை பட்டால் தானாகத் திருந்திவிடும். வெற்றி தோல்வியைத் தப்பாகப் படிப்பது அப்படித் திருந்துவதில்லை.

ஸ்கோரை மார்க் ஷீட்டாக நினைப்பது

2006 முதல் 21 புள்ளி முறை. யார் சர்வீஸ் போட்டாலும் புள்ளி உண்டு. மூன்றில் இரண்டு செட் எடுத்தவர் வெற்றியாளர். இந்த முறையில் ஓர் ஆட்டம் 21-19, 8-21, 21-19 என்று முடியலாம். கூட்டிப் பாருங்கள்: ஜெயித்தவர் எடுத்தது 50, தோற்றவர் எடுத்தது 59. வெற்றி வெற்றிதான், அதில் பேச்சில்லை. ஆனால் அன்று யார் நன்றாக ஆடினார் என்று கேட்டால் அந்த ஸ்கோரிடம் பதில் கிடையாது.

மலேசியாவின் லீ சோங் வெய்யை எடுத்துக்கொள்ளுங்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதியில் சீனாவின் லின் டானிடம் 12-21, 8-21. 2012 லண்டனில் அதே லின் டானிடம் 21-15, 10-21, 19-21. பதக்கப் பட்டியலில் இரண்டும் வெள்ளி. முதல் ஆட்டத்தில் எதுவுமே எடுபடவில்லை. இரண்டாவதில் கடைசி செட்டின் வித்தியாசம் இரண்டே புள்ளி. 2016 ரியோவில் அரையிறுதியில் லின் டானை 15-21, 21-11, 22-20 என்று வென்றுவிட்டு, இறுதியில் இன்னொரு சீன ஆட்டக்காரர் சென் லோங்கிடம் 18-21, 18-21. மாமாக் கடையில் உட்கார்ந்து "மறுபடியும் வெள்ளியா" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். பயிற்சித் திட்டம் போடுகிறவர் அப்படிச் சொல்ல முடியாது. அவருக்கு அவை மூன்று வேறு தோல்விகள்.

தோற்ற அன்றே எதையாவது மாற்றுவது

எத்தனை பார்த்தாலும் எரிச்சல் குறையாத தவறு இதுதான். பணமும் போகும், பிள்ளையின் தோளும் போகும்.

காலையில் முதல் சுற்றில் தோல்வி. மதியம் ஸ்ட்ரிங் கடை. "கோச், ஸ்ட்ரிங் லூசா இருக்கு போல, 28-க்கு ஏத்திடவா?" என்று வாட்ஸ்அப். அடுத்த வாரம் புது ராக்கெட். அதற்கடுத்த மாதம் புது கோச். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். என்ன, இங்கே கூடத்தை இடிக்கச் சொல்வது பிள்ளை இல்லை, பெற்றோர்.

ஸ்ட்ரிங்கை 28 பவுண்டு இழுவிசையில் கட்டினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். இழுவிசை கூடக் கூட, ஷட்டல் நன்றாக எழும்பும் நடுப்பகுதி சுருங்கும். நடுவில் சரியாகப் பட்டால்தான் அடிக்கு வேகம் வரும். கொஞ்சம் விலகினாலும் ஷட்டல் செத்து விழும், அதிர்வு முழுவதும் முழங்கைக்கும் தோளுக்கும் ஏறும். போட்டிக்குப் புதிதான 12, 13 வயதுப் பிள்ளைக்கு 20 முதல் 24 பவுண்டு போதும். தேசிய ஆட்டக்காரர் 30 பவுண்டு போடுகிறார் என்றால், ஒவ்வொரு முறையும் நடுவில் அடிக்கும் கை அவருக்கு இருக்கிறது.

மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: புள்ளிகள் எப்படிப் போயின என்று எழுதுவது. கோர்ட்டின் பின்னால் ஒருவர் சின்ன நோட்டோடு உட்காரட்டும். நாலு கட்டம்: எதிராளி அடித்து எடுத்தது, நம் அடி நெட்டில் விழுந்தது, வெளியே போனது, சர்வீஸ் பிழை. புள்ளி போனதும் ஒரு கோடு. நெட்டில் விழுந்தால் கோட்டுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து: ஸ்மாஷ் (மேலிருந்து வேகமாகக் கீழே இறக்கும் அடி) என்றால் 'ஸ்', டிராப் (நெட்டை ஒட்டி மெதுவாக விழவைக்கும் அடி) என்றால் 'டி', பேக்ஹேண்ட் (புறங்கை அடி) என்றால் 'பே'. கைபேசியில் வீடியோ எடுக்கிறோமே என்பார்கள். எடுங்கள். ஆனால் அதைத் திரும்பப் போட்டுப் பார்ப்பவர் குறைவு. நோட்டை எல்லாரும் பார்ப்பார்கள்.

17-21, 19-21 என்று தோற்ற ஓர் ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். போன புள்ளி 42. நோட்டில் எதிராளி அடித்தது 14, நெட் 16, வெளியே 8, சர்வீஸ் 4. நெட்டில் விழுந்த 16-இல் 11 பக்கத்தில் 'ஸ்'. அதாவது போன புள்ளிகளில் கால்வாசிக்கும் மேல் பின்கோர்ட்டிலிருந்து அடித்த ஸ்மாஷ். ஷட்டல் தலைக்குப் பின்னால் போனபிறகு இழுத்து அடித்தால் அது நெட்டில் விழலாம். பின்னால் போனதற்குக் காரணம் கால். பின் மூலைக்குப் பிள்ளை ஓர் அடி தாமதமாகப் போகிறது. இதற்கு ஸ்ட்ரிங்கை ஏற்றினால், தாமதமாக, நடுவில் படாமல் அடிக்கும் கைக்கு இன்னும் சின்ன நடுப்பகுதியைக் கொடுத்ததாக ஆகும். தப்பு கூடும். அப்பா ராக்கெட் மாடலைக் குறை சொல்வார். இந்த வட்டம் இப்படியே சுற்றும்.

செய்ய வேண்டியது: ஷட்டல் இல்லாமல் நடுக்கோர்ட்டிலிருந்து இரண்டு பின் மூலைகளுக்கும் ஷேடோ பயிற்சி. ஒரு செட்டுக்கு 10 நகர்வு, 5 செட், இடையில் 45 விநாடி ஓய்வு. வாரம் மூன்று நாள், மூன்று வாரம். அதற்குள் ராக்கெட், ஸ்ட்ரிங், கோச் எதையும் தொடக் கூடாது. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. மூன்று ஆட்டத்தின் நோட்டுப் பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகும் அதே கட்டம் நிரம்பினால் அப்போது மாற்றத்தைப் பற்றிப் பேசலாம்.

ஜெயித்த ஆட்டத்துக்கும் நோட்டு உண்டு. இதைச் சொன்னால்தான் பெற்றோர் முகம் சுளிப்பார்கள். 21-16, 21-15 என்று ஜெயித்த பிள்ளை 25 புள்ளி எடுத்தது எதிராளியின் பிழையால் என்றால், அடுத்த சுற்றில் பிழை செய்யாத எதிராளி வந்ததும் கதை முடிந்தது.

காரில் பாடம் எடுப்பது

வேண்டாம். பிள்ளைக்குப் பசிக்கும், முதலில் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுங்கள்.

காற்றைக் கணக்கில் எடுக்காதது

சில மண்டபங்களில் கூடம் நிஜமாகவே கோணல்தான். ஏர்கோன் காற்றோ, திறந்திருக்கும் கதவோ ஷட்டலை ஒரு பக்கம் தள்ளும். முதல் செட் 21-12, இரண்டாவது 12-21 என்றால் "பையன் மனசு விட்டுட்டான்" என்று சொல்வதற்கு முன் பக்கம் மாறியதை நினைத்துப் பாருங்கள்.

சோதிப்பது எளிது. பின் எல்லைக்கோட்டில் நின்று, கீழிருந்து மேலாக முழு வீச்சில் ஒரு ஷட்டலை நேராக அடியுங்கள். சரியான வேகமுள்ள ஷட்டல் எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 530 முதல் 990 மில்லிமீட்டர் முன்னால் விழ வேண்டும் என்பது விதி. இரண்டு பக்கமிருந்தும் அடியுங்கள். ஒரு பக்கத்திலிருந்து கோட்டுக்கு வெளியே போய், மறுபக்கத்திலிருந்து உள்ளேயே தங்கினால் காற்று இருக்கிறது. முதுகில் காற்று உள்ள பக்கம் கிளியரை (எதிராளியின் பின்கோட்டுக்கு உயரத் தூக்கும் அடி) குறைத்து டிராப்பும் ஸ்மாஷும் ஆடலாம். முகத்தில் காற்று வந்தால் முழு வீச்சில் தூக்கலாம். டாஸில் பக்கம் தேர்வு கிடைத்தால் கஷ்டமான பக்கத்தை முதலில் எடுப்பது நல்லது: மூன்றாம் செட்டில் 11-இல் பக்கம் மாறும்போது கடைசிப் பாதி நல்ல பக்கமாக அமையும்.

18-14-இல் பதுங்குவது

முன்னணியில் இருக்கும் பிள்ளை திடீரென்று எல்லாவற்றையும் தூக்கிப் போட ஆரம்பிக்கும். தப்பு செய்யக் கூடாதாம். தூக்கினால் எதிராளிக்கு ஸ்மாஷ், 18-18. பிறகு "பிரஷர்" என்று பெயர் வைப்பார்கள். பயிற்சியில் 0-0 என்று தொடங்காமல் 17-17, 18-14, 14-18 என்று தொடங்கி ஆடவிடுங்கள். பிள்ளை 14-க்கு எடுத்த அடியையே 18-க்கும் எடுக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வாக்ஓவர்

எதிராளி ஆட வராமல் கிடைத்த வெற்றியை வெற்றிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எளிய பிரிவில் கோப்பை தேடுவது

மூன்று வருடம் ஆடிய பிள்ளையை 'பிகினர்' பிரிவில் இறக்கிக் கோப்பை வாங்கும் பழக்கம் இங்கே பெருகிவிட்டது. அலமாரி நிறையும், அவ்வளவுதான். பள்ளிப் போட்டியில் மாநில நிலைக்குப் போனதும் அந்தப் பிள்ளை முதல் செட்டை 5 புள்ளியோடு இழந்து நிற்கும். அடி விழும் வேகமே அதற்குப் புதிதாக இருக்கும்.

போட்டிகளைத் தேர்வு செய்யும்போது மூன்றில் ஒன்று ஜெயிக்கக் கூடியது, ஒன்று சமபலம், ஒன்று முதல் சுற்றிலேயே தோற்க வாய்ப்புள்ளது என்று வையுங்கள். மூன்றாவது வகைக்கு இலக்கு வேறு: ஒரு செட்டில் 12 புள்ளி, அல்லது நெட் பிழை ஐந்துக்குள். அந்த எண்ணை ஆட்டத்துக்கு முன்பே நோட்டில் எழுதிவிடுங்கள். முடிந்தபிறகு எழுதினால் வீட்டுக்கு வசதியான எண்தான் வரும்.