மீட்ட நாய்க்குட்டிக்கு வீடு பார்ப்பது எப்படி?

நான் மீட்ட குட்டி கறுப்பியை முதலில் வாங்கிப்போன வீட்டார் ஒன்பதாம் நாள் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். கூடவே ஒரு புதுப் படுக்கை, மூன்று பொம்மைகள், பிரிக்காத உணவுப் பொட்டலம். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். பிசகு என்னுடையது, அது எங்கே நடந்தது என்பது நான்காம் படியில் வருகிறது. இரண்டாவது வீடு நன்றாக அமைந்துவிட்டது. அந்த இரண்டாம் முறை செய்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். குட்டிக்கு உணவு கொடுப்பது, குளிப்பாட்டுவது போன்றவற்றுக்குள் போகவில்லை. மீட்டுக் கொண்டுவந்தவருக்கு அதற்குள் அவை பழகியிருக்கும்.

படி 1: இரண்டு வாரம் பொறுங்கள்

குட்டி வந்த அன்றே படம் எடுத்து "யாருக்காவது வேண்டுமா?" என்று அனுப்பாதீர்கள். பார்வோ என்பது குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய வயிற்றுப்போக்கு நோய். அதன் கிருமி உடம்புக்குள் இருந்தால் அறிகுறி தெரியப் பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும். 14 நாள் வரைகூட இழுக்கலாம். அதற்குள் கொடுத்துவிட்டால், புது வீட்டார் குட்டியை நோயோடுதான் முதலில் அறிந்துகொள்வார்கள். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், அங்கே அடுத்து வரும் குட்டிக்கும் ஆபத்து.

இந்த இரண்டு வாரத்தில் கால்நடை மருத்துவரிடம் காட்டிக் குடற்புழு மருந்தையும் தடுப்பூசியையும் தொடங்கிவிடுங்கள். பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசியை 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில் தொடர்ந்து போடுவார்கள். கடைசித் தவணை 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ அமைய வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி, அதுவரை தடுப்பூசியை வேலை செய்ய விடாமல் தடுக்கக்கூடும். ஒரு ஊசியோடு நிறுத்திவிட்டு "எல்லாம் போட்டாயிற்று" என்று சொல்லிக் குட்டியைக் கொடுப்பவர்கள் நிறையப் பேர்.

மருத்துவரிடம் போனதும், தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப் இருக்கிறதா என்று கருவியால் பார்க்கச் சொல்லுங்கள். யாரோ தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கும் குட்டியாகவும் இருக்கலாம்.

வயது தெரியாவிட்டால் வாயைத் திறந்து பாருங்கள். பால் பற்கள் மொத்தம் 28. முன்பற்கள் விழத் தொடங்கினால் ஏறக்குறைய நான்கு மாதம் ஆகியிருக்கும். "எவ்வளவு பெரிதாக வளரும்?" என்று எல்லாரும் கேட்பார்கள். தெரியாது என்றே சொல்லுங்கள். பாதத்தைப் பார்த்துக் கணக்குச் சொல்லும் வித்தையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

படி 2: ஒரு நோட்டுப் புத்தகம்

செயலியெல்லாம் வேண்டாம். சமையலறை மேசைமேல் திறந்தே கிடக்கும் நாற்பது பக்க நோட்டு போதும். "நட்பானது", "சுட்டி" போன்ற சொற்களை அதில் எழுதாதீர்கள். அவை எந்தக் குட்டிக்கும் பொருந்தும். கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். கறுப்பியின் பக்கத்தில் இப்படி இருந்தது: "கதவைச் சாத்தினால் 20 நிமிடம் குரைக்கிறது, பிறகு தூங்கிவிடுகிறது. துடைப்பத்தைக் கண்டால் ஓடுகிறது. நடப்பவர் குதிகாலைக் கவ்வுகிறது."

படி 3: விளம்பரம்

தரையில் உட்கார்ந்து, குட்டியின் கண் மட்டத்தில், சன்னல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். கறுப்பு நாய் என்றால் வெள்ளைச் சுவரைப் பின்னணியாக வைக்காதீர்கள். கேமரா சுவரின் வெளிச்சத்துக்கு ஈடுகட்டப் பார்த்து, நாயை வெறும் கருங்குவியலாக்கிவிடும். அரை நிமிட வீடியோ ஒன்றும் போதும்.

குறைகளை மறைக்காமல் எழுதுங்கள். முதல் முறை நான் உருக்கமாக எழுதினேன். நாற்பது அழைப்புகள் வந்தன. இரண்டாம் முறை குரைப்பதையும் குதிகால் கவ்வுவதையும் சேர்த்தேன், பதினொன்றுதான் வந்தன. அந்தப் பதினொரு பேரோடு பேசுவது எவ்வளவோ எளிதாக இருந்தது.

படி 4: பேசுவது (நான் சறுக்கிய இடம்)

முதல் முறை ஓர் இணையப் படிவம் தயாரித்தேன். உங்களுக்கு நேரம் இருக்கிறதா? நாய் பிடிக்குமா? கடைசிவரை பார்த்துக்கொள்வீர்களா? எல்லாரும் "ஆம்" என்றுதான் குறித்திருந்தார்கள். இப்படிக் கேட்டால் "இல்லை" என்று யார் சொல்வார்? படிவத்தைத் தூக்கிப் போடுங்கள். தொலைபேசியில் பேசுங்கள், நடந்ததைக் கேளுங்கள்.

"நேற்றுக் காலையிலிருந்து இரவு வரை உங்கள் வீட்டில் யார் யார் எப்போது இருந்தார்கள்?"
"முன்பு வளர்த்த நாய் கடைசியில் என்ன ஆயிற்று?"
"வெளியூர் போனால் யாரிடம் விடுவீர்கள்? அவரிடம் கேட்டுவிட்டீர்களா?"

மூன்றாவது கேள்விக்குப் பலர் சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள். அதனால் அவர்களைக் கழித்துவிட வேண்டாம். கேட்டுவிட்டு மறுநாள் திரும்ப அழைக்கிறார்களா என்று பாருங்கள்.

இனி என் பிசகு. கறுப்பியைக் கேட்டு அழைத்தவர் ஓர் இளைஞர். அன்பும் ஆர்வமும் நிறைந்தவர். அவரோடு நான்கு முறை பேசினேன். ஆனால் அவர் காலையில் வேலைக்குப் போனால் இரவுதான் திரும்புவார். பகல் முழுவதும் வீட்டில் இருந்தவர் அவருடைய அம்மா. அவரோடு நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மகனும் "அம்மாவுக்குப் பழகிவிடும்" என்று முடித்துக்கொண்டார். ஊசி போன்ற பால் பற்களோடு ஒரு குட்டி நாள் முழுவதும் குதிகாலைத் துரத்தினால், நடையில் தள்ளாட்டம் உள்ள ஒருவர் என்ன செய்வார்? நாற்காலி மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மகன் வரும்வரை உட்கார்ந்திருந்தாராம். ஒன்பது நாள் பொறுத்ததே பெரிது.

எனவே, கேட்பவரோடு பேசுவதைவிடப் பகலில் வீட்டில் இருப்பவரோடு பேசுவது முக்கியம். அதுவும் தனியாக, மற்றவர் பக்கத்தில் இல்லாதபோது. "இந்தக் குட்டி வருவதில் உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்குச் சம்மதம் என்பார்கள். "வந்தால் உங்கள் பகல் பொழுதில் எது மாறும்?" என்று கேளுங்கள்.

பகலில் யாருமே இல்லாத வீடு என்றால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்: குட்டியின் வயது எத்தனை மாதமோ, அதோடு ஒன்றைக் கூட்டினால், அத்தனை மணி நேரம்தான் அதிகபட்சமாகச் சிறுநீரை அடக்கும். மூன்று மாதக் குட்டிக்கு நான்கு மணி நேரம். இடையில் வந்து பார்க்க ஆள் ஏற்பாடு செய்ய முடியாதவர்களிடம் வளர்ந்த நாயைத் தத்தெடுக்கச் சொல்வேன். வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் வேண்டும்.

இன்னொன்று, இது என் சொந்தக் கருத்து. "நான் நாய்களோடு வளர்ந்தவன், எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம்" என்பவரைவிட, முதன்முறையாக வளர்க்கப்போகிற, என்னைக் கேள்வியால் துளைத்தெடுக்கிறவரையே நான் விரும்புவேன்.

படி 5: நேரில் போய்ப் பார்ப்பது

குட்டியையும் கூட்டிக்கொண்டு, வீட்டில் எல்லாரும் இருக்கும் நேரத்தில் போங்கள். கேட்டின் அடியில் எவ்வளவு இடைவெளி, பால்கனிக் கம்பிகள் நெருக்கமாக இருக்கின்றனவா, இரவில் குட்டி எங்கே படுக்கும் என்று பாருங்கள். சிறு பிள்ளை இருந்தால் பிள்ளையைக் கவனிக்காதீர்கள். அது குட்டியின் காதை இழுக்கும்போது பெரியவர்கள் எழுந்து வருகிறார்களா என்று கவனியுங்கள். அங்கேயே முடிவு சொல்லிவிடாமல் மறுநாள் அழைத்துச் சொல்லுங்கள்.

படி 6: ஒப்படைப்பது

ஒரு பக்க ஒப்பந்தம் போதும். மருத்துவர் சொல்லும் வயதில் கருத்தடை, மீதித் தடுப்பூசித் தேதிகள், வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது, முடியாவிட்டால் என்னிடமே திருப்பித் தர வேண்டும். கடைசி வரியை வாயாலும் சொல்லுங்கள். அதை நான் முதல் முறையே சொல்லியிருந்ததால்தான் கறுப்பி தெருவுக்குப் போகாமல் என்னிடம் வந்தது.

கழுத்துப்பட்டையை மட்டும் நம்பாதீர்கள். பயந்த குட்டி பின்னோக்கி இழுத்துத் தலையை உருவிக்கொள்ளும். மார்புப் பட்டை ஒன்று, கழுத்துப்பட்டை ஒன்று, இரண்டுக்கும் தனித்தனி வார்; வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் அவிழ்க்க வேண்டும். பெயர் வில்லையில் அவர்கள் எண்ணும் உங்கள் எண்ணும் இருக்கட்டும்.

படி 7: பிறகு

மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் வழக்கம், மூன்று மாதத்தில் நம் வீடு என்ற நினைப்பு. மீட்பவர்கள் சொல்லும் இந்தக் கணக்கு ஏறக்குறையச் சரியாகவே இருக்கிறது. அந்தந்தக் கட்டத்தில் அழைத்துப் பேசுங்கள். "எப்படி இருக்கிறது?" என்றால் "நன்றாக இருக்கிறது" என்பார்கள். "நேற்று இரவு எங்கே தூங்கியது?" என்று கேளுங்கள்.

பிற்சேர்க்கை 1: மைக்ரோசிப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். சிப்பில் இருப்பது எண் மட்டுமே. உரிமையாளர் விவரம் பதிவேட்டில்தான் இருக்கும். அவர் கொடுத்த குட்டி தொலைந்தபோது அழைப்பு அவருக்கே வந்திருக்கிறது. அவரோ அப்போது பயணத்தில் இருந்திருக்கிறார். எனவே ஒப்படைக்கும் அன்றே, அவர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே பதிவை மாற்றிவிடுங்கள்.

பிற்சேர்க்கை 2: "கேட்பவர் நெருங்கிய உறவினர், இந்தக் கேள்விகளை எப்படிக் கேட்பது?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் நோட்டுப் புத்தகத்தை எதிரே வைத்துக்கொண்டு, "எல்லாரிடமும் கேட்கிறேன், உங்கள் பெயரையும் எழுதிக்கொள்கிறேன்" என்று தொடங்குவேன். என் சித்தப்பா கோபித்துக்கொண்டு எழுந்து போனார். இரண்டு நாள் கழித்துச் சித்தியே அழைத்து, பகலில் வீட்டில் இருப்பது தான்தான் என்றும், தனக்கு நாய் வேண்டாம் என்றும் சொன்னார்.