மோடத்தின் சத்தத்தை நிறுத்தாதீர்கள்: பழைய கணினியில் டயல்-அப் அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரணில் கிடந்த விண்டோஸ் 98 கணினியை இறக்கித் தூசு தட்டி, தொலைபேசிக் கம்பியில் ஓர் எண்ணை அழைத்து இணையத்தில் சேரும் டயல்-அப் முறையில், மோடம் என்ற கருவி வழியாகவே சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். நல்ல ஆசை. ஆனால் இணைப்பு உடனே கிடைக்கவில்லை என்றால் பலர் பொறுமையிழந்து விண்டோஸையே அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். அப்படிச் செய்தால் வட்டில் ஏற்கெனவே இருந்த மோடம் டிரைவரும் (மோடத்தை இயக்கும் மென்பொருள்) போய்விடும். அதன் மூலக் குறுந்தகடு எப்போதோ தொலைந்திருக்கும். அதுவரை தீர்க்கக்கூடியதாக இருந்த பழுது, அதன்பின் உண்மையிலேயே பெரிய பழுதாகிவிடும்.

அந்த நிலைக்குப் போகாமல் காப்பாற்றக்கூடியது மோடத்தின் சிறிய ஒலிபெருக்கிதான். அதை நிறுத்திவைப்பதையே நான் முதல் தவறாகச் சொல்வேன். கண்ட்ரோல் பேனலில் மோடம் பகுதியைத் திறந்து, அதன் பண்புகளில் உள்ள ஒலியளவுப் பட்டையை நடுவிலாவது வையுங்கள். மோடம் இணையும் வேலை ஒரு வரிசையில் நடக்கிறது. முதலில் டயல் டோன் கேட்கும். அடுத்து எண்கள் விழும் ஓசை, பிறகு மணி அடிக்கும் ஓசை. எதிர்முனை மோடம் எடுத்தவுடன் 2100 ஹெர்ட்ஸில் நீண்ட கீச்சொலி வரும். அதன்பின் வரும் கரகரப்பில் இரண்டு மோடங்களும் கம்பியின் தரத்தை அளந்து, எந்த வேகத்தில் பேசுவது என்று முடிவு செய்கின்றன. முடிவானதும் ஒலி அடங்கும். அந்த அமைதிக்குப் பிறகுதான் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்படும். எந்தக் கட்டத்தில் நின்றது என்று காது சொல்லிவிட்டால், மற்ற கட்டங்களின் அமைப்புகளை நீங்கள் தொடவே வேண்டியதில்லை.

ஆனால் எந்த எண்ணை அழைக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள். இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவையை அரசு நிறுவனமான விஎஸ்என்எல் தொடங்கியது. அந்தக் காலத்தின் இணைப்பு ஐகான் உங்கள் கணினியில் இன்னும் இருக்கலாம். அதை அழிக்காதீர்கள், அது வரலாறு. அதையே சொடுக்கிக்கொண்டும் இருக்காதீர்கள், அதில் உள்ள பயனர் கணக்கு எப்போதோ காலாவதியாகியிருக்கும். அமெரிக்காவில் ஏஓஎல் நிறுவனமே தன் டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30 அன்று நிறுத்திவிட்டது. இன்று பழங்கணினி ஆர்வலர்கள் பலர் எதிர்முனையையும் வீட்டிலேயே அமைத்துக்கொள்கிறார்கள். இரண்டு தொலைபேசிகளை இணைக்கும் வசதியுள்ள ஓர் ஏடிஏ பெட்டி (சாதாரணத் தொலைபேசியை இணையவழி அழைப்புக்குப் பயன்படுத்த உதவும் கருவி) வேண்டும். ஒரு துளையில் பழைய கணினியின் மோடம், மறு துளையில் இன்னொரு மோடம். அந்த இரண்டாவது மோடம் ராஸ்பெர்ரி பை போன்ற ஒரு லினக்ஸ் கணினியில் செருகப்பட்டு, அங்கிருந்து வீட்டின் இணையத்துக்கு வழி கிடைக்கிறது. தொலைபேசிக் கட்டணமும் இல்லை.

இந்த அமைப்பில் 56 கே (விநாடிக்கு 56,000 பிட்) வேகத்தை எதிர்பார்ப்பது ஒரு தவறு. அந்த வேகத்துக்காக 1998இல் வந்த வி.90 முறை, சேவை நிறுவனத்தின் முனை நேரடியாக டிஜிட்டல் இணைப்பில் இருந்தால்தான் வேலை செய்யும். இரு முனையும் சாதாரண மோடங்களாக இருந்தால் அதற்கு முந்தைய வி.34 முறையின் எல்லையான 33,600 பிட்தான் உச்சம். விநாடிக்கு ஏறத்தாழ 4 கிலோபைட் வரும். ஒரு மெகாபைட் கோப்பு இறங்க நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். திரையில் 1,15,200 என்று காட்டினால் மகிழ்ந்துவிடாதீர்கள். அது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம். தொலைபேசிக் கம்பியின் வேகம் அதுவல்ல.

வன்பொருளில் நடக்கும் தவறுகள் எளியவை, ஆனால் அவைதான் நேரத்தைத் தின்னும். மோடத்தின் பின்புறம் இரண்டு துளைகள் இருக்கும். சுவரிலிருந்து வரும் கம்பி ‘லைன்’ என்ற துளைக்குள் போக வேண்டும், ‘ஃபோன்’ என்ற துளைக்குள் அல்ல. வெளி மோடத்துக்கு நேர்க்கம்பி சீரியல் கேபிள் வேண்டும். இரண்டு கணினிகளை நேரடியாக இணைக்கப் பயன்படும் ‘நல் மோடம்’ (null modem) கேபிளும் பார்வைக்கு அப்படியே இருக்கும், ஆனால் உதவாது. உள் மோடத்தைக் காம்3 என்ற சீரியல் போர்ட்டில் வைத்து, சீரியல் மவுஸைக் காம்1இல் வைத்தால் இரண்டுமே வழக்கமாக ஐஆர்கியூ 4ஐ (செயலியின் கவனத்தை அழைக்கும் தடம்) பங்கிட்டுக்கொள்ளும். டயல் செய்யத் தொடங்கியதும் மவுஸ் உறைந்துபோனால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வாங்கப் போகிறவர்களுக்கு என் யோசனை: சீரியல் போர்ட்டில் செருகும் வெளி மோடத்தையே தேடுங்கள். மலிவான உள் மோடங்களில் பல, தம் வேலையைக் கணினியின் செயலியிடம் தள்ளிவிடும் சாஃப்ட் மோடங்கள். அவற்றுக்குரிய டிரைவர் இல்லாமல், விண்டோஸின் பட்டியலில் இருக்கும் பொதுவான ‘ஸ்டாண்டர்டு மோடம்’ ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அவை அசையவே அசையாது. 486 கணினியில் அவற்றை ஓட்டும் எண்ணத்தையே விட்டுவிடலாம்.

இனி ஒலியின் வரிசையில் போவோம். 680 என்ற பிழை எண் வந்தால் டயல் டோன் கிடைக்கவில்லை என்று பொருள். உடனே கம்பியைச் சந்தேகிக்க வேண்டாம். ஒரு சாதாரணத் தொலைபேசியை அதே கம்பியில் செருகிக் கேளுங்கள். அதில் டோன் கேட்டால், மோடத்துக்கு அந்த டோன் அடையாளம் தெரியவில்லை. அமெரிக்க டயல் டோன் 350, 440 ஹெர்ட்ஸ் ஒலிகளின் கலவை. இந்திய டோன் 400 ஹெர்ட்ஸை அடிப்படையாகக் கொண்டது. சில மோடங்கள் இந்த வேறுபாட்டில் தடுமாறும். மோடத்தின் கூடுதல் அமைப்புகளில் எக்ஸ்3 என்ற கட்டளையைச் சேர்த்தால், டோனுக்குக் காத்திராமலே டயல் செய்யும்.

டயல் செய்யும் எண்களின் ஓசையையும் கவனியுங்கள். நீங்கள் கொடுத்ததைவிடக் கூடுதலாக எண்கள் விழுகின்றனவா? இணைப்பின் பண்புகளில் பகுதிக் குறியீட்டைப் பயன்படுத்தும் கட்டத்தில் குறி இருந்தால், விண்டோஸ் தானாகவே முன்னெண்களைச் சேர்க்கும். அந்தக் குறியை எடுத்துவிடுங்கள். இதைத் தெரியாமல் தவறான எண்ணுக்கு மோடத்தை ஓயாமல் அழைக்க வைப்பவர்கள் ஏராளம். அந்த எண் வேறொருவர் வீட்டுடையது என்றால், எடுப்பவருக்குக் காதில் கீச்சொலிதான் கிடைக்கும்.

676 வந்தால் எதிர்முனை வேறு அழைப்பில் இருக்கிறது. மணி அடித்துக்கொண்டே இருந்து 678 வந்தால் எதிர்முனை மோடம் எடுக்கவில்லை. தானாக எடுக்கும்படி அதை அமைத்தீர்களா என்று பாருங்கள்.

கரகரப்பு தொடங்கி நடுவில் அறுந்தால் ஏடிஏ பெட்டியின் அமைப்புகளுக்குப் போங்கள். பேச்சுக்காகச் செய்யப்பட்ட பல வசதிகள் மோடத்துக்குப் பகை. ஜி.729 போன்ற சுருக்கும் முறை மனிதக் குரலின் தன்மையை மட்டும் காப்பாற்றி மற்றதைக் கழித்துவிடும். மோடம் நம்பியிருப்பதோ அந்த மற்றதைத்தான். எனவே சுருக்காத ஜி.711 முறையை மட்டும் வையுங்கள். எதிரொலி நீக்கம், மௌன நேரத்தில் அனுப்பாமல் இருப்பது ஆகிய இரண்டையும் நிறுத்துங்கள். அழைப்புக் காத்திருப்பு வசதியையும் நிறுத்துங்கள், அதன் ஒரு சிறு பீப் ஒலி போதும் இணைப்பை அறுக்க. வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்து, அதன் பெட்டியிலிருந்து தொலைபேசி ஓடுகிறதென்றால் அங்கும் இதே சிக்கல் காத்திருக்கிறது. அந்தப் பெட்டியின் அமைப்புகளைச் சேவை நிறுவனம் பூட்டி வைத்திருந்தால் அதோடு போராடாதீர்கள், தனி ஏடிஏ பெட்டியே மேல்.

ஒலி அடங்கிய பிறகு தோற்றால் மோடத்தின் மேல் குற்றமில்லை. 691 என்பது பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் தவறு. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைச் சரிபாருங்கள். 650 வந்தாலோ, சரிபார்ப்பு முடிவில்லாமல் இழுத்தாலோ, இணைப்பின் ‘சர்வர் டைப்ஸ்’ பக்கத்தைத் திறங்கள். வகை பிபிபி (டயல்-அப் இணைப்புக்கான நெறிமுறை) ஆக இருக்க வேண்டும். ‘லாக் ஆன் டு நெட்வொர்க்’ குறியை எடுங்கள். நெட்பியுஐ, ஐபிஎக்ஸ் ஆகிய பழைய வலையமைப்பு நெறிமுறைகள் இரண்டையும் எடுத்துவிட்டு, இணையத்துக்கான டிசிபி/ஐபியை மட்டும் விடுங்கள். எதிர்முனை கடவுச்சொல்லை மறைக்காமல் கேட்கும் முறையில் இருந்தால், மறைகுறியாக்கத்தைக் கட்டாயமாக்கும் குறியையும் எடுக்க வேண்டியிருக்கும்.

இணைந்த பிறகும் தளங்கள் திறக்காது. இங்கேதான் பலர் மனம் தளர்ந்து, சரியாக ஓடும் இணைப்பைக் கலைத்துவிடுகிறார்கள். முதலில் ஓர் ஐபி எண்ணுக்குப் பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுங்கள், பிறகு ஒரு தளத்தின் பெயருக்குக் கொடுங்கள். எண் பதில் தந்து பெயர் தராவிட்டால், பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் அமைப்பில் குறை. இரண்டும் பதில் தந்தால் உங்கள் வேலை முடிந்தது, குறை உலாவியில் இருக்கிறது. இன்றைய தளங்கள் டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்க முறையின் 1.2 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பைக் கேட்கின்றன. விண்டோஸ் 98இன் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு அது தெரியாது. பாதுகாப்புப் பூட்டில்லாத பழைய பாணித் தளங்களைப் பாருங்கள், அல்லது அந்த லினக்ஸ் கணினியிலேயே இடைநிலை ப்ராக்ஸி ஒன்றை ஓட்டி, புதிய தளங்களைப் பழைய உலாவிக்குப் புரியும்படி மாற்றித் தரச் செய்யுங்கள்.

இன்னும் செம்புக் கம்பியில் தொலைபேசி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வானம் இருண்டால் மோடத்தின் தொலைபேசிக் கம்பியையும் உருவிவிடுங்கள். மின்சார பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது. மின்னல் தொலைபேசிக் கம்பி வழியாக வந்து, மோடத்தோடு மதர்போர்டையும் கருக்கிவிடும். அந்தக் காலத்து மதர்போர்டுக்கு மாற்று கிடைப்பது இன்று எளிதல்ல.