ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தவர்களுக்கு: முதல் ஆறு மாதப் பாடங்களை எப்படிப் படிப்பது?

ஐ.டி.ஐ. என்ற தொழிற்பயிற்சி நிலையத்தில், இயந்திர பாகங்களைத் தேய்த்துப் பொருத்தும் ஃபிட்டர் பிரிவில் சேரும் பிள்ளைகள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “சார், லேத்தில் எப்போது விடுவார்கள்?” மதுரை கே.புதூர் ஐ.டி.ஐ.க்கு இரண்டு பஸ் மாறி மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் வருகிறவர்களுக்கு அந்த அவசரம் இருக்கத்தான் செய்யும். ஆனால் கடைசல் இயந்திரமான லேத்துக்கு முன், முதலில் கையில் தருவது அரம். ஃபிட்டர் பயிற்றுநராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு, அந்த அரம்தான் இரண்டு ஆண்டுப் படிப்பில் பாதி.

ஆண்டுக்கு 1200 மணி நேரப் பாடம். முதல் ஆண்டில் அதில் 840 மணி செய்முறை, 240 மணி தொழிற்கோட்பாடு, மீதி வேலைவாய்ப்புத் திறன். கணக்கைப் பார்த்தாலே எங்கே கவனம் வைப்பது என்று தெரியும்.

அரம் பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். இரும்புத் துண்டை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் மேல்விளிம்பு உங்கள் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் முதுகு வலிக்கும், உயரமாக இருந்தால் தோள் வலிக்கும். அரம் முன்னே போகும்போதுதான் வெட்டும். திரும்பும்போது அழுத்தாதீர்கள், பல் மழுங்கிவிடும். தொடக்கத்தில் இடக்கையில் அழுத்தம் அதிகம், நடுவில் இரு கைக்கும் சமம், முடிவில் வலக்கைக்கு அதிகம். இதை மாற்றாமல் ஒரே அழுத்தமாகத் தள்ளினால் அரம் தராசுக் கோல் போல ஏறி இறங்கும். இரும்பின் நடு மேடாகி ஓரங்கள் சரிந்துவிடும். செங்கோணம் பார்க்கும் ட்ரை ஸ்கொயரை மேலே வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் ஒளி கசிந்தால் இன்னும் மேடு போகவில்லை.

அரத்தின் பற்களில் இரும்புத் தூள் அடைத்துக்கொண்டால் தேய்த்த முகத்தில் கீறல் விழும். கம்பித் தூரிகையால் பற்களின் வரிசையோடு தட்டிவிட்டு, லேசாகச் சாக்குக்கட்டி தேய்த்துக்கொண்டால் அடைப்பது குறையும். சித்திரை வெயிலில் இன்னொரு தொல்லை. உள்ளங்கை வியர்வை பட்ட இடத்தில் அரம் வழுக்கும், மறுநாள் துரு பிடித்திருக்கும். வேலை செய்யும் முகத்தைக் கையால் தொடாதீர்கள். மாலையில் எண்ணெய் தடவி வைத்து, காலையில் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். இதில் சலிப்பு வரும். சலித்துப்போய்ப் பக்கத்து மேசைக்காரன் தேய்த்த இரும்புத் துண்டைத் தன்னுடையது என்று காட்டுகிறவர்கள் எல்லா ஆண்டும் உண்டு. கை அசைவைப் பார்த்தாலே பயிற்றுநருக்குத் தெரிந்துவிடும்.

நுட்பமாக அளக்கும் கருவியான வெர்னியர் காலிப்பரின் நகரும் அளவுகோலில் 49 மி.மீ. நீளத்தை 50 பாகங்களாகப் பிரித்திருப்பதால்தான் 0.02 மி.மீ. வரை அளக்க முடிகிறது. மனப்பாடம் செய்யாமல், முதன்மை அளவுகோலின் 1 மி.மீ.யிலிருந்து இதன் ஒரு பாகத்தை ஒரு முறை கழித்துப் பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள். அளக்கும் முன் தாடைகளை மூடி, சுழியங்கள் நேராக நிற்கின்றனவா என்றும் பாருங்கள்.

பட்டறைக் கணக்கு என்றாலே முகம் சுளிப்பவர்கள், ஒத்தக்கடையில் கம்பி விற்பவர் போடும் கணக்கைக் கவனியுங்கள். விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதன் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பி என்றால் 144-ஐ 162-ஆல் வகுக்க, சுமார் 0.89 கிலோ. அந்த 162 எங்கிருந்து வந்தது? எஃகின் அடர்த்தியையும் வட்டத்தின் பரப்பளவையும் வைத்து நீங்களே வருவித்துப் பாருங்கள். அந்த ஒரு கணக்கிலேயே அலகு மாற்றம், பரப்பளவு, கன அளவு, அடர்த்தி என நான்கு பாடங்கள் இருக்கின்றன.

வரைபடத்தில் முதற்கோண முறையே நம் நாட்டு வழக்கம்: மேலிருந்து பார்க்கும் தோற்றம், முன்தோற்றத்துக்குக் கீழே வரும். தீப்பெட்டியை மேசையில் வைத்துச் சுற்றிப் பார்த்து வரையுங்கள், போதும். வேலைவாய்ப்புத் திறன் வகுப்பில் தூக்கம் வரும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் விண்ணப்பம் எழுதவும் நேர்முகத்தில் பேசவும் அங்கேதான் சொல்லித்தருகிறார்கள்.

தேர்வு எழுத 80 சதவீத வருகை வேண்டும். செய்முறையில் 60 சதவீதமும் எழுத்துத் தேர்வில் 33 சதவீதமும் எடுத்தால்தான் தேர்ச்சி. அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்கும் அழகர் ஆற்றில் இறங்குவதற்கும் போய் வாருங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஊர்த் திருவிழா, மாமன் வீட்டுக் காதுகுத்து என்று விடுப்பு ஒவ்வொன்றாய்ச் சேர்ந்தால் தேர்வு நெருங்கும்போதுதான் வருகைக் கணக்குத் தெரியும்.

படிப்பு முடிந்ததும் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். கப்பலூர் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சிக்கும் முயலலாம். எதற்கும் சான்றிதழ் கேட்பார்கள். ஆதாரிலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலும் பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். மாறியிருந்தால் முதல் ஆண்டு விடுமுறையிலேயே திருத்திவிடுங்கள்.