பழைய அஸ்திவாரத்தின் மேல் புது வீடு: எங்கே சறுக்குகிறோம்?

"ஐம்பது வருஷம் அசையாம நின்ன அஸ்திவாரம், இன்னும் ஐம்பது வருஷம் தாங்கும்." பழைய வீட்டை இடித்துக் கட்டும் இடத்தில் இந்தப் பேச்சு எப்படியும் எழும். பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. ஆனால் அந்த அஸ்திவாரம் அத்தனை வருஷம் தாங்கியது பழைய வீட்டை. நீங்கள் கட்டப் போவது வேறு வீடு.

ஓட்டுக்கூரை போய் கான்கிரீட் தளம் வருகிறது என்று வையுங்கள். கம்பி கட்டிய கான்கிரீட் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2,500 கிலோ. 4 மீட்டருக்கு 4 மீட்டர் அறையின் மேல் 12.5 செ.மீ. கனத்தில் தளம் போட்டால் அதுவே 5 டன். மாடி, அதன் சுவர்கள், 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி (இது ஒரு டன்) எல்லாம் இதற்கு மேல்தான். இந்தக் கணக்கைப் போடாமலே 'அஸ்திவாரம் ஸ்ட்ராங்' என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு.

எடை எவ்வளவு என்பதோடு, அது எப்படி இறங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் பெரும்பாலும் சுவரே சுமையைத் தாங்கும். அடியில் நீளவாக்கில் ஓடும் கல் கட்டுமானத்தில் அது பரவலாக இறங்கும். தூண் வைத்துக் கட்டும் வீட்டில் மொத்தச் சுமையும் சில புள்ளிகளில் குவியும். சுண்ணாம்புச் சாந்திலோ மண் சாந்திலோ அடுக்கிய கல்லின் மேல் தூணை நிறுத்தினால், தூணுக்குக் கீழே மட்டும் அமுங்கும். துளை போட்டு எபாக்சி என்ற இறுகும் பசையை வைத்துக் கம்பி நடலாம் என்பார்கள். நல்ல கான்கிரீட்டில் அது பிடிக்கும். உதிரும் சாந்தில் எதைப் பிடித்துக்கொள்ளும்?

எனக்கு அதிகம் பயம் தருவது பாதிக்குப் பாதி வேலை. முன்பக்கம் பழைய அஸ்திவாரம் இருக்கட்டும், பின்பக்கம் நீட்டுவதற்கு மட்டும் புதிதாக வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டலாம் என்பார்கள். பழையதன் அடியில் உள்ள மண் பல வருஷச் சுமையில் அமுங்கி முடிந்துவிட்டது. புதியதன் அடியில் இனிமேல்தான் அமுங்கப் போகிறது. இரண்டையும் ஒரே சுவரால் கட்டிப் போட்டால், சேரும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை விரிசல் விழும். பூசிப் பூசி மறைத்தாலும் திரும்ப வரும். நீட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு பகுதிக்கும் நடுவே முழு உயரத்துக்கு இடைவெளி விட்டுத் தனித்தனியாக நிற்கும்படி வடிவமைக்கச் சொல்லுங்கள்.

சோதனைக் குழி ஒன்றே ஒன்று தோண்டிப் பார்ப்பதும் சறுக்கல்தான். பழைய வீடு ஒரே நாளில் கட்டியதாக இருக்காது; பிறகு சேர்த்த சமையலறைக்கு ஆழமே இல்லாமல் இருக்கலாம். மூலைகளிலும், நீளச் சுவரின் நடுவிலும், உள்சுவரின் அடியிலும் தோண்டி ஆழம், அகலம், சாந்தின் நிலை, அடிமண் என்று எல்லாவற்றையும் பாருங்கள். களிமண் கோடையில் பாறை மாதிரி இறுகியிருக்கும், மழையில் ஊறி உப்பும். காய்ந்த நாளில் மட்டும் பார்த்துவிட்டு ஏமாற வேண்டாம்.

கான்கிரீட் அஸ்திவாரமாக இருந்தால் உள்ளே கம்பியின் நிலையைத் தெரிந்துகொள்ளாமல் முடிவெடுக்கக் கூடாது. புதிதாக உடைத்த முகத்தில், காரத்தன்மையைக் காட்டும் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரத்தன்மை உள்ள கான்கிரீட் அடர்ந்த இளஞ்சிவப்பாக மாறும். நிறம் மாறாத பகுதி கம்பி வரை போயிருந்தால் காரத்தன்மை தந்த, துருவுக்கு எதிரான காப்பு போய்விட்டது என்று அர்த்தம். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைத்துக்கொள்ளும், கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். தீயில் எரிந்த வீடு என்றால் கூடுதல் கவனம் வேண்டும். சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கான்கிரீட் பலம் இழக்கத் தொடங்கும். பல சமயம் அதுவே இளஞ்சிவப்பாக நிறம் மாறியும் இருக்கும்; இது கரைசல் காட்டும் சிவப்புக்கு நேர் எதிரான செய்தி, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பழையது வேண்டாம் என்று பெயர்த்தெடுப்பவர்களும் தப்புவதில்லை. கல்லைப் பிடுங்கிய பள்ளத்தை இடிபாட்டு மண்ணால் மூடி, அதன் மேலேயே புது அஸ்திவாரத்தை உட்கார வைக்கிறார்கள். குலைந்த மண்ணை முழுதாக அள்ளிவிட்டு, கெட்டி மண் வரை இறங்க வேண்டும். அல்லது அள்ளிய பள்ளத்தைக் கம்பியில்லாத கான்கிரீட்டால் நிரப்ப வேண்டும். மூடிய கிணறோ கழிவுநீர்த் தொட்டியோ இருந்ததா என்று பழைய ஆட்களைக் கேளுங்கள். பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி முழு நீளத்துக்கும் ஒரே மூச்சில் தோண்டினால் அவர்கள் அஸ்திவாரத்தின் பிடிமண் சரியும். ஒரு மீட்டர் அளவில் துண்டு துண்டாக, இடைவிட்டு, ஒன்றை முடித்து மூடிய பிறகே அடுத்ததைத் தோண்ட வேண்டும்.

அதே அளவில், அதே சுவர்க் கோட்டில், மாடி இல்லாமல் கட்டுகிறீர்கள், குழியில் பார்த்த அஸ்திவாரமும் அடிமண்ணும் உறுதி, எடைக் கணக்கும் சரி என்றால் பழையதை வைத்துக்கொள்வதில் தப்பில்லை. அப்போதும் ஈரம் மேலே ஏறாமல் தடுக்கும் அடுக்கைச் சுவர் தொடங்கும் மட்டத்தில் போட்டுவிடுங்கள். பழைய வீடுகள் பலவற்றில் அது இருக்காது. இடிக்கும்போது தரைமட்டத்துக்கு மேல் கடைசி இரண்டடியை இயந்திரத்திடம் விடாமல் கையால் உடைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் காப்பாற்ற நினைத்த அஸ்திவாரம் இயந்திரத்தின் பக்கெட் இடியிலேயே ஆட்டம் கண்டுவிடும். சோதனைக் குழிகளை மூடுவதற்கு முன் அளவு நாடா தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள். கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட முதலில் கேட்பது அதைத்தான்.