வெளிநாட்டில் வசித்துக்கொண்டே வாழ்க்கைத் துணைக்கு அமெரிக்கக் குடியேற்ற விசா பெறும் வழி

அமெரிக்கக் குடியுரிமை உள்ள ஒருவர் வேலைக்காகவோ குடும்பத்துக்காகவோ வேறொரு நாட்டில் வாழ்ந்து வரும்போது, அந்தக் குடியுரிமை இல்லாத தம் கணவருக்கோ மனைவிக்கோ குடியேற்ற விசா கோரினால், அவர் நிரப்ப வேண்டிய படிவங்களும் கட்ட வேண்டிய கட்டணங்களும் அமெரிக்காவில் இருந்து விண்ணப்பிப்பவருக்கு உள்ளவையேதான். ஆனால் மனுதாரருக்கு அமெரிக்காவில் வீடும் சம்பளமும் வங்கிக் கணக்கும் இருக்கும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட படிவங்கள் அவை. ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் தம்பதிக்குத் தங்கள் திருமணம் உண்மையானது என்று காட்டுவது பெரிய பாடு இல்லை. அமெரிக்காவுக்குத் திரும்பிக் குடியிருக்கப் போகிறோம் என்று காட்டும் இடத்தில்தான் பலருடைய கோப்பு மாதக்கணக்கில் தேங்கி நிற்கிறது. அதற்கான ஆயத்தத்தை முதல் மனுவை அனுப்பும் நாளிலேயே தொடங்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இந்த வழிகாட்டியில் அந்தப் பகுதிக்கே அதிக இடம் தந்திருக்கிறேன்.

தொடங்குவதற்கு முன் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இந்த விசாவில் நுழைபவருக்குக் கிடைக்கும் கிரீன் கார்டு என்னும் நிரந்தரக் குடியிருப்பு அட்டை, அமெரிக்காவில் வாழப் போகிறவருக்கு உரியது; வெளிநாட்டிலேயே இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் இருக்கும் எண்ணம் இருந்தால் இப்போது விண்ணப்பிப்பது வீண்செலவு. அவசரத்துக்கு ஆகட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டு வெளிநாட்டிலேயே தங்கிவிட்டால், அது கைவிடப்பட்டதாகக் கருதப்பட்டுப் பறிபோகும். அதேபோல, மனுதாரர் குடிமகனாக இல்லாமல் தாமே கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவராக இருந்தால் கணக்கு முற்றிலும் வேறு: குடிமக்களின் துணைக்கு ஆண்டுக்கு இத்தனை விசாதான் என்ற உச்சவரம்பு கிடையாது, கிரீன் கார்டு வைத்திருப்பவரின் துணைக்கு உண்டு, அத்துடன், வெளிநாட்டில் நெடுங்காலம் இருந்தால் அவருடைய சொந்த கார்டுக்கே ஆபத்து. 2025ஆம் ஆண்டு முதல் சில நாடுகளின் குடிமக்களுக்கு விசா வழங்குவதில் கட்டுப்பாடுகள் வந்திருப்பதால், துணையின் நாடு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

முதல் மனு

முதல் படி ஐ-130 என்னும் மனு. இதை யுஎஸ்சிஐஎஸ் என்னும் குடியேற்றச் சேவைத் துறைக்கு அனுப்ப வேண்டும். முன்பெல்லாம் பல நாடுகளில் அந்தத் துறையின் அலுவலகமே இருந்ததால் அங்கேயே நேரில் கொடுக்க முடிந்தது. இப்போது அவற்றில் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன. மருத்துவ அவசரம், உயிருக்கு அச்சுறுத்தல், மிகக் குறுகிய அவகாசத்தில் அமெரிக்காவுக்கு வேலை மாற்றம் போன்ற விதிவிலக்கான சூழ்நிலைகளில் மட்டும் தூதரகம் மனுவை நேரடியாக வாங்கிக்கொள்ளலாம். அது தூதரகத்தின் விருப்புரிமை. உங்கள் நிறுவனம் திடீரென உங்களை அமெரிக்காவுக்கு மாற்றியிருந்தால், அந்த உத்தரவுக் கடிதத்துடன் தூதரகத்துக்கு எழுதிக் கேட்டுப் பார்க்கலாம். மற்றவர்கள் இணையம் வழியாகவே தாக்கல் செய்வது மேல். 2024 ஏப்ரல் 1 முதல் இணையவழிக் கட்டணம் 625 டாலர், காகித மனுவுக்கு 675 டாலர். அனுப்பும் அன்று ஒருமுறை கட்டணப் பக்கத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு முகவரியைக் கொடுப்பதில் தடை எதுவும் இல்லை.

மனுவுடன் குடியுரிமைச் சான்று, திருமணச் சான்றிதழ், இருவரில் எவருக்கேனும் முந்தைய திருமணம் இருந்தால் அது முடிந்ததற்கான தீர்ப்பு அல்லது இறப்புச் சான்றிதழ், இருவரின் புகைப்படம், துணை தம்மைப் பற்றிய விவரங்களை நிரப்பிய ஐ-130ஏ என்னும் துணைப் படிவம் ஆகியவை செல்ல வேண்டும். ஆங்கிலத்தில் இல்லாத ஒவ்வொரு ஆவணத்துக்கும் முழு மொழிபெயர்ப்பு தேவை. அதன் அடியில், தமக்கு இரு மொழிகளும் தெரியும் என்றும் மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்றும் மொழிபெயர்த்தவர் எழுதிக் கையொப்பமிட வேண்டும். முத்திரையில் உள்ள எழுத்துகளையும் ஓரத்துக் குறிப்புகளையும் விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் மொழிபெயர்ப்பது பலரும் செய்யும் தவறு.

படிவத்தில் இரண்டு இடங்களில் நிதானம் தேவை. துணையின் மொழி ரோமன் எழுத்தில் எழுதப்படாததாக இருந்தால், அவருடைய பெயரையும் முகவரியையும் அந்த மொழியின் எழுத்திலேயே எழுதும்படி படிவம் கேட்கும். அதைக் காலியாக விடக்கூடாது. இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த முகவரியையும் அதற்கான தேதிகளையும் அது கேட்கிறது. இங்கே தரும் தேதிகளே பின்னர் துணை நிரப்பப்போகும் டிஎஸ்-260 என்னும் விசா விண்ணப்பப் படிவத்திலும் வர வேண்டும் என்பதால், எல்லா முகவரிகளையும் தேதிகளையும் முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, இரண்டு படிவங்களையும் அந்தத் தாளைப் பார்த்தே நிரப்புங்கள்.

திருமணம் உண்மையானது என்பதற்கு இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, காப்பீட்டில் துணையை வாரிசாகக் காட்டிய பக்கம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவை போதுமான வலு உள்ளவை. நூற்றுக்கணக்கான கல்யாணப் புகைப்படங்களை ஏற்றுவதால் பயனில்லை. பல ஆண்டுகளில் பல இடங்களில் எடுத்த பத்துப் பதினைந்து படங்களே நன்றாகப் பேசும். துணைக்கு முந்தைய திருமணத்தில் குழந்தை இருந்தால் அக்குழந்தைக்குத் தனியாக ஒரு ஐ-130 வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்; குடிமகனின் துணைக்கான மனுவில் குழந்தைகள் தாமாகச் சேர்ந்து வர மாட்டார்கள்.

மனு நிலுவையில் இருக்கும்போது, சுற்றுலா விசாவில் போய் அங்கேயே தங்கிவிடலாம் என்ற யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தங்கும் எண்ணத்தை மறைத்து நுழைவது தவறான தகவல் தந்ததாகக் கருதப்பட்டு, விசாவுக்கே நிரந்தரத் தடையாக முடியலாம்.

கட்டணமும் ஆவணங்களும்

மனு ஏற்கப்பட்டதும் கோப்பு என்விசி என்னும் தேசிய விசா மையத்துக்குச் செல்கிறது. அங்கே 325 டாலர் விசா விண்ணப்பக் கட்டணமும், துணையைப் பொருளாதார ரீதியாகத் தாங்குவேன் என்று மனுதாரர் உறுதி தரும் ஆதரவுப் பத்திரத்துக்கு 120 டாலர் கட்டணமும் கட்ட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் முதலில் திகைப்பது இங்கேதான், ஏனெனில் இந்தப் பணத்தை அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்து மட்டுமே கட்ட முடியும். நாட்டை விட்டுப் புறப்படும்போது கணக்கை மூடிவிட்டவர்கள், அடுத்த முறை அமெரிக்கா செல்லும்போது மீண்டும் ஒன்றைத் திறந்துகொள்வது நல்லது. வசிப்பிடச் சான்றுக்கும் அது உதவும். அதற்கு வழியில்லாதவர்கள் அங்கே கணக்கு வைத்திருக்கும் உறவினர் மூலம் கட்டுவதுண்டு.

டிஎஸ்-260 படிவம், துணை 16 வயது முதல் வாழ்ந்த எல்லா முகவரிகளையும், பத்தாண்டு வேலை விவரத்தையும், ஐந்தாண்டில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளையும் கேட்கும். சமூகப் பாதுகாப்பு எண் அட்டை வேண்டுமா என்ற கேள்விக்கு ஆம் என்று பதில் தந்துவிட்டால், அமெரிக்கா சென்றபின் அதற்காகத் தனியாக அலைய வேண்டியதில்லை. கடவுச்சீட்டில் பெயர் முழுவதும் ஒரே பகுதியில் அச்சாகி மற்றொரு பகுதி வெற்றாக இருந்தால், விசாவில் முதற்பெயருக்கான இடத்தில், முதற்பெயர் தெரியாது என்று பொருள்படும் எஃப்என்யு என்ற மூன்றெழுத்து வந்துவிடும். பின்னர் ஓட்டுநர் உரிமம் முதல் வங்கிக் கணக்கு வரை அந்த மூன்றெழுத்தே அவருடைய முதற்பெயராகத் தொடர்ந்து வரும். ஆகவே கடவுச்சீட்டில் பெயரைப் பிரித்துத் திருத்த வேண்டுமானால் மனு நிலுவையில் இருக்கும் மாதங்களே அதற்கு ஏற்றவை.

போலீஸ் சான்றிதழ் குடியுரிமை நாட்டிலிருந்தும், தற்போது வசிக்கும் நாட்டிலிருந்தும் தேவை. இவ்விரண்டு நாடுகளில் ஆறு மாதத்துக்கு மேல் வாழ்ந்திருந்தாலே சான்றிதழ் வாங்கியாக வேண்டும். இவை தவிர 16 வயதுக்குப் பின் ஓராண்டோ அதற்கு மேலோ வாழ்ந்த வேறு நாடுகளிலிருந்தும் வாங்க வேண்டும். நாடு நாடாக வேலை பார்த்தவருக்கு இதுவே நீண்ட வேலையாகிவிடும். சில நாடுகள் கைரேகையைத் தூதரகம் வழியாகவே அனுப்பச் சொல்கின்றன. ஆவணங்களை ஏற்றும்போது பல பக்கங்கள் உள்ளவற்றை ஒரே கோப்பாக இணைத்து, பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். எங்கள் திருமணச் சான்றிதழின் பின்பக்கத்தில் ஒரு சிறிய நீல முத்திரை மட்டும்தானே இருக்கிறது என்று நான் அதை விட்டுவிட்டேன். கோப்பு திரும்பி வந்து, மறுபடியும் வரிசையில் நின்று, இரண்டு மாதம் போனது. தவறு முழுக்க என்னுடையது.

வசிப்பிடமும் வருமானமும்

ஐ-864 என்னும் ஆதரவுப் பத்திரத்தில் மனுதாரர் இரண்டைக் காட்ட வேண்டும்: அமெரிக்காவில் தமக்கு நிலையான வசிப்பிடம் உண்டு என்பது ஒன்று, கூட்டாட்சி அரசு அறிவிக்கும் வறுமைக் கோட்டு அளவில் 125 சதவீதமாவது வருமானம் உண்டு என்பது மற்றொன்று. 2025ஆம் ஆண்டு அளவின்படி இருவர் கொண்ட குடும்பத்துக்கு அந்தக் கோடு 21,150 டாலராக இருந்தது; அதாவது ஏறத்தாழ 26,437 டாலர் ஆண்டு வருமானம் தேவைப்பட்டது.

வசிப்பிடத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனெனில் இதில் குறை இருந்தால் மனுதாரரோடு சேர்ந்து பொறுப்பேற்கும் கூட்டு ஸ்பான்சராக எவ்வளவு வசதியானவரைக் கொண்டுவந்தாலும் கோப்பு நகராது. வெளிநாட்டு வாழ்க்கை தற்காலிகமானது என்றோ, துணை அமெரிக்காவுக்குள் நுழையும் நாளுக்குள் தாமும் அங்கே குடியேறிவிடுவதாகவோ மனுதாரர் காட்டலாம். துணை முன்னதாகப் போய், மனுதாரர் ஆறு மாதம் கழித்துப் போவது என்ற திட்டம் இங்கே செல்லாது. இருவரும் ஒன்றாக இறங்கலாம், அல்லது மனுதாரர் முன்னால் போயிருக்கலாம். வாய்ச்சொல் போதாது என்பதால், ஒரு பக்கக் கடிதம் எழுதி, அதில் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதத்தை இணைக்க வேண்டும். "இன்ன மாதம் இன்ன ஊருக்குக் குடிபெயர்கிறோம், முதல் சில மாதங்கள் என் சகோதரி வீட்டில் தங்குவோம், இன்ன நிறுவனங்களுக்கு வேலைக்கு விண்ணப்பித்துள்ளேன், இங்குள்ள வாடகை ஒப்பந்தம் இன்ன தேதியில் முடிகிறது" என்று எழுதினால், சகோதரியின் ஒப்புதல் கடிதம், வேலை விண்ணப்பங்களுக்கு வந்த பதில்கள், வீட்டுக்காரருக்குத் தந்த அறிவிப்பின் நகல் ஆகியவை பின்னால் வர வேண்டும். அமெரிக்க வங்கிக் கணக்கு, நடப்பில் உள்ள ஓட்டுநர் உரிமம், வெளிநாட்டிலிருந்தபடி வாக்களித்த பதிவு, பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் கேட்ட கடிதம், பொருள்களை அனுப்பக் கேட்ட விலைப்பட்டியல் ஆகிய எல்லாமே இதற்கு உதவும். இவற்றில் பெரும்பாலானவை ஒரே வாரத்தில் திரட்ட முடியாதவை; தேதிகள் ஓராண்டில் பரவியிருக்கும்போது கடிதம் நம்பும்படியாக இருக்கும், நேர்காணலுக்கு முந்தைய வாரத்திலேயே எல்லாம் குவிந்திருந்தால் அதிகாரிக்கு ஐயம் எழுவது இயல்பு.

வருமானத்தில் உள்ள சிக்கல், வெளிநாட்டுச் சம்பளம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், குடிபெயர்ந்த பின்னும் அதே வேலை தொடராது என்றால் அது கணக்கில் சேராது என்பதே. அதே நிறுவனம் தொலைவிலிருந்து வேலை செய்ய அனுமதித்தாலோ அமெரிக்கக் கிளைக்கு மாற்றினாலோ, அதை எழுத்தில் வாங்கி இணைத்தால் சேரும். இல்லாவிட்டால் சொத்தைக் காட்டலாம்: குடிமகனின் துணைக்கு, குறைகிற தொகையைப் போல மூன்று மடங்கு மதிப்புள்ள சேமிப்போ சொத்தோ போதும். மேற்சொன்ன அளவின்படி வருமானமே இல்லை என்று வைத்தால் ஏறத்தாழ 79,000 டாலர் என்று கணக்கு வரும். அதுவும் இல்லையென்றால், அமெரிக்காவில் வசிக்கும் குடிமகனோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோ கூட்டு ஸ்பான்சராகக் கையெழுத்திடலாம். அவரிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: இந்தப் பொறுப்பு மணமுறிவு ஏற்பட்டாலும் முடிவதில்லை. வந்தவர் குடியுரிமை பெறும் வரையிலோ, நாற்பது காலாண்டு (ஏறத்தாழ பத்தாண்டு வேலை) உழைப்புக் கணக்கு சேரும் வரையிலோ அது தொடரும்.

வரியும் இதோடு பிணைந்தது. வெளிநாட்டில் சம்பாதித்தாலும் வருமானம் வரம்பைத் தாண்டினால் அமெரிக்கக் குடிமகன் ஆண்டுதோறும் வருமான வரிப் படிவம் தாக்கல் செய்தே ஆக வேண்டும். 2024ஆம் ஆண்டுக்கு 1,26,500 டாலர் வரை வெளிநாட்டு உழைப்பு வருமானத்துக்கு விலக்கு உண்டு என்றாலும், அந்த விலக்கைத் தாக்கல் செய்துதான் பெற முடியும். வரி வராது என்பதால் தாக்கல் செய்யாமல் விட்டவர்கள் ஆதரவுப் பத்திரம் கேட்கும்போது விழித்துக்கொள்கிறார்கள். வேண்டுமென்றே விடாதவர்கள் மூன்று ஆண்டு வரிப் படிவங்களையும் ஆறு ஆண்டு வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கைகளையும் சேர்த்துத் தாக்கல் செய்து ஒழுங்குபடுத்திக்கொள்ளும் நடைமுறை ஒன்று இருக்கிறது. ஐ-130 நிலுவையில் இருக்கும் காலத்தில் அதை முடித்துவிடுங்கள்.

நேர்காணலும் நுழைவும்

ஆவணங்கள் நிறைவு பெற்றதாக என்விசி அறிவித்தபின் தூதரகத்தில் நேர்காணல் தேதி கிடைக்கும். தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டுமே மருத்துவப் பரிசோதனை செல்லும். தடுப்பூசிப் பதிவேட்டைக் கையோடு கொண்டு போனால் மீண்டும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியிருக்காது. விசாவின் காலம் பெரும்பாலும் அந்தப் பரிசோதனையை ஒட்டி ஆறு மாதமாக இருக்கும் என்பதால், வீட்டைக் காலி செய்யவும் பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடியவும் எவ்வளவு நாள் வேண்டும் என்று எண்ணிப் பார்த்தே பரிசோதனைக்குத் தேதி வாங்குங்கள். நேர்காணல் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஏற்றிய எல்லா ஆவணங்களின் மூலப் பிரதிகளும், புதுப்பிக்கப்பட்ட வசிப்பிடக் கடிதமும் கையில் இருக்கட்டும். 221(ஜி) என்று குறித்த தாளைத் தந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் விடுபட்ட ஒரு காகிதத்தைக் கேட்பதாகவே அது இருக்கும், ஆனால் ஓராண்டுக்குள் அதைத் தந்தாக வேண்டும்.

விசா கிடைத்தபின் 235 டாலர் குடியேற்றக் கட்டணத்தை இணையத்தில் கட்டிவிட்டுப் புறப்படுங்கள். கார்டு அஞ்சலில் வரும் என்பதால், உறவினர் வீடானாலும் சரி, நம்பகமான அமெரிக்க முகவரியைக் கொடுங்கள். நுழையும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டு முடிந்திருந்தால் பத்தாண்டுக் கார்டு, முடியாவிட்டால் நிபந்தனையுடன் கூடிய இரண்டாண்டுக் கார்டு. விசா வழங்கிய நாள் இங்கே கணக்கில்லை. விசாவில் இரண்டாண்டுக் கார்டுக்கான சிஆர்1 என்ற வகை அச்சாகியிருந்து, நுழைவதற்குள் இரண்டாம் ஆண்டு நிறைந்துவிட்டால், திருமணச் சான்றிதழைக் காட்டி வகையைப் பத்தாண்டுக் கார்டுக்கான ஐஆர்1 என்று மாற்றும்படி விமான நிலைய அதிகாரியிடம் அப்போதே கேளுங்கள். இரண்டாம் ஆண்டு நிறைவுக்குச் சில நாள்களே இருக்கின்றன என்றால், விசாவின் காலமும் இடம் கொடுத்தால், பயணத்தை அந்தச் சில நாள்கள் தள்ளிப்போடுவதே மேல். ஐ-751 என்னும் நிபந்தனை நீக்க மனுவும், அதற்கான கட்டணமும், மறுபடியும் திரட்ட வேண்டிய ஆவணக் கட்டும் மிச்சமாகும்.